ரம்பொடை வளைவுகளுக்கு எந்த கொயில்ஓவர்?

கேள்வி (ஹட்டன்):
என் டொயோட்டா 86 காரின் பின் ஷொக் அப்சோர்பரில் எண்ணெய் கசிகிறது. தினமும் தோட்டத்துக் குழிப் பாதை, ஞாயிறு என்றால் ரம்பொடை ஏறி நுவரெலியா. ஷொக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த கொயில்ஓவர் போடப் போகிறேன். டெய்ன் ஃப்ளெக்ஸ் இசட் போடவா, பீசி ரேசிங் பிஆர் போடவா அண்ணே?

பதில் (நாவலப்பிட்டி):
தம்பி, என்னிடம் இருப்பது பிஆர். ஷொக்கை மென்மையாக்க, இறுக்கமாக்க 30 கிளிக் (படி) இருக்கிறது, நம் றோட்டுக்கு மென்மையான பக்கமே போதும். ஆனால் காரைத் தாழ்த்தாதீர்கள். நான் ஆசைப்பட்டு இரண்டு விரல் இறக்கினேன். வீட்டு வாசல் கானில் முன் பம்பரின் அடி கிழிந்தது, சத்தம் இன்னும் காதில் நிற்கிறது. உயரத்தை மாற்றியே ஆக வேண்டும் என்றால் கீழ் பிராக்கெட்டைச் சுழற்றி மாற்றுங்கள், ஷொக் மேலும் கீழும் அசையும் ஓட்டம் குறையாது.

பதில் (கொட்டகலை):
ஃப்ளெக்ஸ் இசட் 16 கிளிக், சீல் வைத்தது. கசிந்தால் அந்த ஷொக்கையே மாற்ற வேண்டும். பிஆரைத் திறந்து பழுது பார்க்கலாம். மழைக்குப் பிறகு உயரம் மாற்றும் மரையில் ஒட்டிய சேற்றைக் கழுவுங்கள், இல்லையென்றால் இறுகிவிடும்.

ஹட்டன்:
சரி அண்ணே, பிஆர்தான். உயரத்தில் கை வைக்க மாட்டேன்.