புதிய பிஎம்எக்ஸ் (சாகச சைக்கிள்) ஃபிரேமில் கோணல்: பட்டறையிடம் என்ன கேட்பது?

கொழிஞ்சாம்பாறை (கேரளம்) வாசகர்: கோயம்புத்தூர்ப் பட்டறை ஒன்றில் 4130 குரோமோலி என்னும் எஃகுக் கலவைக் குழாயில் அளவு கொடுத்துச் செய்வித்த ஃபிரேமில், பின்சக்கரம் இடப்பக்கக் குழாயை உரசுகிறது, பெடல் அச்சின் பேரிங்கும் கூட்டுக்குள் இறங்க மறுக்கிறது. பட்டறைக்காரரோ சக்கரத்தின் மீதே பழி போடுகிறார். என்ன செய்யலாம்?

சித்தூர் வாசகர்: சக்கரத்தைத் திருப்பி மாட்டிப் பாருங்கள், அப்போதும் இடப்பக்கமே உரசினால் கோணல் ஃபிரேமில்தான். பிறகு, தலைக்குழாயை (ஹேண்டில்பார் பொருந்தும் முன்குழாய்) சுற்றிய நூலை, பின்சக்கர அச்சு பொருந்தும் இரு பின்முனைகளுக்கும் இழுத்துக் கட்டி, இருக்கைக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள தூரத்தை இருபுறமும் அளந்து, புகைப்படத்துடன் பட்டறைக்கு அனுப்புங்கள்.

பொள்ளாச்சி, வெல்டிங் தொழில்: பற்றவைப்பின் வெப்பத்தில் பேரிங் கூடு வட்டம் குலைந்துவிடும் என்பதால், பின்னர் ரீமர் (துளையின் உட்புறத்தைச் சீவி வட்டமாக்கும் கருவி) போட்டுச் சரிசெய்ய வேண்டும், அந்த வேலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பெயின்ட் படிந்திருந்தாலும் இறங்காது, அதை மட்டும் சுரண்டிப் பாருங்கள், சுத்தியலை எடுக்காதீர்கள். வெல்டிங் ஓரத்தில் கீறல் தெரிந்தால், திருத்தம் வேண்டாம், மாற்று ஃபிரேமே கேளுங்கள். குதித்து இறங்கும் வண்டி ஐயா இது.

பாலக்காடு வாசகர்: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், மாநில எல்லை தாண்ட வேண்டியதில்லை. அதுவரை உள்ளூரில் யாரையும் ஃபிரேமில் கைவைக்க விடாதீர்கள்.