எல்க் வேட்டைக்கு எத்தனை கிரெய்ன் குண்டு? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

என் கதையிலிருந்தே தொடங்குகிறேன். கொலராடோவில் மீக்கர் பக்கம், ஃபிளாட் டாப்ஸ் மலை. அக்டோபர். முந்தின ராத்திரி பெய்த பனி கணுக்கால் அளவு கிடந்தது. ஆஸ்பென் மரங்களுக்கு நடுவே ஓர் ஆண் எல்க் (வட அமெரிக்கப் பெரிய மான்), அறுபது கஜம்கூட இருக்காது, என் பக்கம் சாய்வாகத் திரும்பி நின்றது. கையில் .30-06 ரக ரைஃபிள். உள்ளே மான் வேட்டையில் மிஞ்சிய 150 கிரெய்ன் (குண்டின் எடை அளவு), மெல்லிய செப்பு உறை போட்ட சாதாரண ஈயக் குண்டு. இதுவும் மான் ஜாதிதானே என்ற நினைப்பு!

தோளெலும்பில் பட்டது. விழவில்லை. மூன்று காலிலேயே சரிவில் இறங்கிப் போய்விட்டது. இரண்டரை மணி நேரம் பனியில் ரத்தத் துளி தேடி அலைந்து, ஓடைக்கரையில் இரண்டாவது குண்டில்தான் முடிந்தது. அந்த அலைச்சலில் அது பட்ட பாடு இன்னும் உறுத்துகிறது. தோலுரிக்கும்போது பார்த்தால், எலும்போரம் செப்பு உறை மட்டும் கசக்கிப் போட்ட மிட்டாய்த் தாள் மாதிரி. ஈயம் பொடிப்பொடியாகக் கறிக்குள். ஒரு தோள்பட்டையில் பாதியை வெட்டி எறிந்தேன்.

கிட்டத்தில் வேகம் குறையாமல் போய் எலும்பில் மோதியதால் மெல்லிய உறை தாங்கவில்லை. இருநூறு கஜத்தில் விலாவில் பட்டிருந்தால் அதே 150 போதுமாக இருந்திருக்கும். கொலராடோ சட்டம் எல்க்குக்கு 85 கிரெய்ன் போதும் என்கிறது, 100 கஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல் இருந்தால் சரி. முந்நூறு கிலோ ஆண் எல்க்குக்குத் தோளெலும்பு எவ்வளவு தடிமன் என்று சட்டத்துக்குத் தெரியாது.

இப்போது 180 கிரெய்ன், நடுவில் தடுப்பு வைத்த பார்டிஷன் குண்டு. 1940களில் ஜான் நாஸ்லர் என்பவர் சுட்ட குண்டு ஒரு மூஸை (எல்க்கைவிடப் பெரிய மான்) துளைக்காமல் போக, அந்தக் கடுப்பில் பிறந்த அமைப்பு இது. முன்பாதி விரியும், பின்பாதி கட்டாக உள்ளே போகும். (நம் கணக்கில் 180 கிரெய்ன் ஒன்றரை பவுனுக்குக் கொஞ்சம் குறைவு. வீட்டில் சொன்னேன், "அந்த எடைக்கு ஒரு செயின் வாங்கியிருக்கலாம்" என்றாள்.)

மொன்டானாவிலிருந்து:
அண்ணா, என்னோடது .270 ரைஃபிள். 130 கிரெய்ன் முழுச் செப்பு. செப்பு சிதறாது, எடை அப்படியே நிக்கும், அதனால ஈயத்துல எடுக்கறதுக்கு ஒரு படி கீழ எடுத்தாலும் போதும். போன வருஷம் ஒரு பெட்டை, 240 கஜம், விலாவுல உள்ள போய் அந்தப் பக்கம் வெளிய வந்துருச்சு. நாப்பது அடி நடந்து உக்காந்துருச்சு. பசங்க சாப்பிடற கறி, ஈயத்தூள் பயம் இல்ல. ஒண்ணு, செப்பு லேசு. அதே எடைக்குக் குண்டு நீளமாயிரும், எல்லாக் குழலும் ஒத்துக்காது.

இடாஹோவிலிருந்து:
அந்தக் கடைசி வரிதான் என் கதை. பெரிசு என்றால் நல்லது என்று 220 கிரெய்ன் வாங்கினேன். பெஞ்சில் துப்பாக்கியை வைத்துச் சுட்டுப் பார்த்தபோது 100 கஜத்தில் ஐந்து குண்டும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறின. துப்பாக்கியின் உதையும் சேர்ந்து, மூன்றாவது குண்டிலிருந்து விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். பெட்டியில் பதினைந்து மீதி. 180க்கே திரும்பிவிட்டேன். 200 கஜத்தில் குறி வைத்த இடத்திலேயே படும்படி ஜீரோ வைத்தால் 300இல் எவ்வளவு இறங்குகிறது உங்களுக்கு?

நான்:
எட்டு, ஒன்பது அங்குலம். ஆனால் காற்று இல்லாத நாளில் மட்டும்தான் அந்தத் தூரம். மற்ற நாளில் 250 தாண்டினால் துப்பாக்கியை இறக்கிவிடுவேன்.