கலைச்சொல்: 'டார்க் ஸ்லைட்' – இருள் தகடா, வேறு பெயரா?

அன்புடையீர், வணக்கம்.

இடையளவுக் (மீடியம் ஃபார்மட்) கமெராக் கையேட்டின் சொற்பட்டியலில் 'டார்க் ஸ்லைட்' மட்டும் தீராமல் நிற்கிறது. படச்சுருளில் ஒளி படாதபடி அதன் முன்னால் செருகும் மெல்லிய தகட்டைத்தான் சொல்கிறேன். வரைவில் 'இருள் தகடு' என்று போட்டிருக்கிறோம். அதை எடுத்துவிட வேண்டும். பழைய பிரித்தானிய வழக்கில் டார்க் ஸ்லைட் என்றால் ஒளிப்படக் கண்ணாடித் தட்டை வைக்கும் உறை முழுவதும்தான். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அந்தக் குழப்பமும் கூடவே வந்துவிடும்.

இன்று இந்தத் தகட்டுக்கு வேலை கூடியிருக்கிறது. நுவரெலியாவில் மூடுபனிக்குள் திருமணப் படம் எடுப்பவர் ஹாசல்பிளாட் 500 வரிசைக் கமெராவில் முதலில் டிஜிட்டல் பேக்கை (படச்சுருளுக்குப் பதில் உணரி உள்ள பின்பகுதியை) மாட்டி வெளிச்சத்தைச் சரிபார்க்கலாம். பிறகு அதைக் கழற்றி, பாதி ஓடிய 120 வகைப் படச்சுருள் (றோல்) உள்ள சுருள்பெட்டியை, அதாவது கமெராவின் பின்னால் மாட்டும் ஃபில்ம் மாகசினை, மாட்டலாம். 6×6 அளவில் ஒரு றோலுக்கு 12 படம்தான். சோதனைக்கென்று ஒன்றையும் வீணாக்க மனம் வராது. பாதி றோலோடு பெட்டியைக் கழற்ற முடிவது இந்தத் தகட்டால்தான். தகட்டைச் செருகாமல் பெட்டி கழராது. செருகியபடி ஷட்டர் பொத்தான் அழுந்தாது.

'ஒளித்தடுப்பான்' என்று வைக்கலாமா?

— பண்டாரவளையிலிருந்து

•

> 'ஒளித்தடுப்பான்' என்று வைக்கலாமா?

அண்ணா, 'இருள் தகடு' வேண்டாம் என்பதில் நானும் உங்கள் பக்கம். ஆனால் ஷட்டரும் ஒளியைத் தடுப்பதுதான், லென்ஸ் மூடியும் தடுப்பதுதான். 'ஒளித்தடுப்பானை இழு' என்று படித்தால் புதிதாகப் பழகுகிறவர் எதை இழுப்பார்? வயல் வாய்க்காலில் நீரை நிறுத்தும் மடைப்பலகையை வைத்து 'ஒளிமடை' என்றும் யோசித்தேன். அழகாக இருக்கிறது, ஆனால் மடை என்பது திறப்பையும் குறிக்கும்.

என் பரிந்துரை 'மறைதகடு'. ஊறுகாய், சுடுகாடு போல வினைத்தொகை. அதனால் ஒற்று மிகாது, 'மறைத்தகடு' என்று எழுதக்கூடாது. தகடு பெட்டிக்குள் மறைகிறது, உள்ளே போய்ப் படச்சுருளை மறைக்கிறது. இரண்டுக்கும் 'மறை' என்ற ஒரே பகுதி பொருந்துகிறது. மறைதகட்டுப் பிளவு, மறைதகட்டுப் பூட்டு என்று கிளைச்சொற்களும் இடறாமல் வருகின்றன. படப்பிடிப்பு நடக்கும்போது உதவியாளரிடம் வாய்விட்டுச் சொல்லவும் சுருக்கமான சொல்.

— ஹட்டனிலிருந்து

•

தங்கச்சி, மறைதகடு சரி. அப்படியே வைத்துக்கொள்வோம். விளக்கக் குறிப்பில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 'ஒளி படாமல் காக்கும் தகடு' என்று ஒரே வரியில் முடித்தால் படிப்பவருக்குப் பயனில்லை.

தகட்டை நேராக, அதன் முழு விளிம்பும் ஒரே நேரத்தில் நுழையும்படி செருக வேண்டும். ஒரு மூலையை முதலில் நுழைத்தால் பிளவின் உள்ளிருக்கும் ஒளிக்காப்புப் பட்டை அந்த ஓரத்தில் மட்டும் விலகி, மறு ஓரம் வழியாக வெளிச்சம் புகும். பட்டை பழசாகி இறுக்கம் தளர்ந்தாலும் இதே கதிதான், நம் மலைநாட்டு ஈரத்தில் பட்டையின் நுரைப்பஞ்சு சீக்கிரம் பிசுபிசுத்துப் பொடியும். பிம்பம் தலைகீழாக விழுவதால் கறை படத்தில் எதிர்ப்பக்கத்தில் தெரியும். பிளவு இருக்கும் பக்கத்திலேயே தேடி ஏமாறக்கூடாது. சந்தேகம் வந்தால் ஒரு பழைய றோலைப் போட்டு, தகட்டை உருவிய நிலையில் பிளவை ஒரு நிமிடம் வெயிலில் காட்டிவிட்டு, அந்த றோலைக் கழுவிப் பார்த்தால் போதும். வளைந்த தகட்டைத் தட்டி நிமிர்த்திப் பயன்படுத்துவது அடுத்த தவறு: அது பட்டையைக் கிழித்துவிடும்.

பெட்டியை மாட்டும் முன் கமெராவின் அடையாளமும் பெட்டியின் அடையாளமும் ஒரே நிறத்தில், இரண்டும் வெள்ளை அல்லது இரண்டும் சிவப்பாக, இருக்கிறதா என்று பார்ப்பதையும் சேருங்கள். கமெரா வெள்ளை, பெட்டி சிவப்பு என்றால் எடுத்த படத்தின் மேலேயே இன்னொன்று விழும். மாறி இருந்தால் ஒரு படம் வெறுமையாக ஓடிவிடும். மறைதகட்டுப் பூட்டு இதைத் தடுக்காது.

'சுருள்பெட்டி' என்பதில் எனக்கு இன்னும் தயக்கம் இருக்கிறது. றோல் வரும் அட்டைப்பெட்டியையும் அப்படிச் சொல்லலாமே. அதைத் தனி மடலில் எடுப்போம்.

— பண்டாரவளையிலிருந்து