உதவி தேவை: மகள் வாசிக்கிறது "நல்ல இலக்கியம்" இல்லையாம், என்ன செய்யிறது?

வெள்ளவத்தை அம்மா

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் அவசரம், அடுத்த கிழமைக்குள்ள முடிவெடுக்கோணும். மகள் ஆறாம் வகுப்பு, தமிழ் மீடியம். போன வருசம் முழுக்க ஸ்கொலர்ஷிப் ஸ்கொலர்ஷிப் எண்டு மொடல் பேப்பரைத் தவிர வேற ஒண்டும் வாசிக்க விடேல்ல, சோதினை முடிஞ்ச கையோட எனிட் பிளைட்டன் எழுதின ஃபேமஸ் ஃபைவ் எண்ட சிறுவர் துப்பறியும் சீரீசுக்குள்ள விழுந்தவள் இன்னும் எழும்பேல்ல. இங்கிலிசில வாசிக்கிறாள், விளங்காத சொல்லை எல்லாம் தாண்டித் தாண்டி ஓடுறாள், சாப்பாட்டு மேசையிலயும் புத்தகம்தான்.

இப்ப வாசிப்பு மாதத்துக்கு வகுப்பில ஒவ்வொரு பிள்ளையும் "நான் வாசித்த நல்ல இலக்கிய நூல்" எண்டு அஞ்சு நிமிசம் தமிழில கதைக்க வேணுமாம். இவள் அந்த முதல் புத்தகத்தைப் பற்றி எழுதிக்கொண்டு போக, இது பொழுதுபோக்குக் கதை, இலக்கியம் இல்லை, வேற நல்லது ஒண்டு கொண்டு வாங்கோ எண்டு ரீச்சர் திருப்பி விட்டிட்டா. பிள்ளை வந்து "அப்ப நான் இவ்வளவு நாளும் வாசிச்சது குப்பையா அம்மா" எண்டு கேக்குது. மச்சாள் சொல்லுறா ரீச்சர் சொன்னது சரி, உதெல்லாம் சொக்லேட் மாதிரி, பல்லுத்தான் பழுதாகும் எண்டு. இவர் சொல்லுறார் வாசிக்கிறாளே அது காணாதா எண்டு. எனக்கு ரெண்டும் முழுசாச் சரியாப் படேல்ல. கனபேர் விரும்பி வாசிக்கிற சிறுவர் கதை நல்ல இலக்கியமாகுமா ஆகாதா, அதை எப்பிடிப் பாத்துச் சொல்லுறது, இப்ப இவளுக்கு என்ன புத்தகம் குடுக்கிறது?

கடைசி பஸ்

அக்கா சிம்பிள். ரீச்சரோட முண்ட வேண்டாம், வருசம் முடியும் மட்டும் பிள்ளை அந்த வகுப்பிலதான் இருக்கோணும். திருக்குறள் கதைகள் எண்டு ஏதும் ஒண்டு வாங்கிக் குடுங்க, அஞ்சு நிமிசம் கதைச்சிட்டு வரட்டும். வீட்ட வந்து ஃபேமஸ் ஃபைவ் வாசிக்கட்டும்.

வெள்ளவத்தை அம்மா

அப்பிடிச் செய்யலாம்தான் தம்பி. ஆனா மேடைக்கு ஒரு புத்தகம் கட்டிலுக்கு ஒரு புத்தகம் எண்டு இந்த வயசிலயே பழக்கோணுமா? பெரியாக்கள் நாங்கள் செய்யிறது காணும்.

மருதானை பழைய புத்தகம்

தங்கச்சி, முதல்ல ஒண்டு சொல்லுறன், உங்கட ரீச்சர் புதுசா ஒண்டும் சொல்லேல்ல. எனிட் பிளைட்டன் 1897ல பிறந்து 1968ல செத்தவ, அவ உயிரோட இருக்கும்போதே இந்தச் சண்டை நடந்தது. பிபிசி வானொலிக்காரர் பல வருசமா அவவின்ட கதையை எடுக்காமல் தள்ளி வைச்சவை, பெரிசா இலக்கியத் தரம் இல்லை எண்டு உள்ளுக்குள்ள குறிப்பு எழுதி வைச்சிருந்தது 2009ல வெளியில வந்தது. அவ நாளைக்கு ஆறாயிரம், பத்தாயிரம் சொல் எண்டு ரைப் அடிச்சுத் தள்ளின ஆள், அந்த வேகம் வசனத்தில தெரியும், ஒரே மாதிரிச் சொல்லுகள் திரும்பத் திரும்ப வரும். அதனால ரீச்சரை விவரம் தெரியாதவ எண்டு நினைக்காதேங்கோ.

ஆனா மற்றப் பக்கமும் இருக்கு. ஸ்டீவன்சனின்ட ட்ரெஷர் ஐலண்ட் இண்டைக்கு இலக்கியம் எண்டு எல்லாரும் ஒத்துக்கொள்ளுற புத்தகம், அது முதல்ல வந்தது 1881-82ல ஒரு சிறுவர் வாரப் பத்திரிகையில தொடர்கதையா, புத்தகமானது 1883ல. கடல் கொள்ளைக்காரன், புதையல் வரைபடம், ஒற்றைக்கால் ஆள், எல்லாம் பக்கா மசாலா. எங்கட பக்கத்துக்கு வந்தா பொன்னியின் செல்வன் 1950 தொடக்கம் 1954 வரை வாராவாரம் வந்த தொடர்தானே, க.நா.சு. மாதிரியான விமர்சகர்கள் கல்கியை இலக்கியக் கணக்கில சேர்க்கவே முகம் சுளிச்சவை. சனம் விரும்பினதாலயே ஒண்டு மட்டமாகாது, சனம் விரும்பினதாலயே உசத்தியாகவும் மாட்டாது. விற்பனைக் கணக்கை இதுக்குள்ள கொண்டு வராமல் விட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ரெண்டு கேள்விக்குப் பதில் சொல்லுங்கோ. பிள்ளை ஒரே புத்தகத்தைத் திரும்ப வாசிக்கிறாவா, இல்லை முடிச்சு முடிச்சு அடுத்ததுக்குப் போறாவா? கதையைச் சொல்லச் சொன்னா சம்பவத்தைச் சொல்லுவாவா, ஆளைப் பற்றிச் சொல்லுவாவா?

தமிழ்ப் பாடம்

நானும் ஆறாம் வகுப்புக்குத் தமிழ் படிப்பிக்கிற ஆள்தான், அந்த ரீச்சருக்காக ஒரு வார்த்தை. முப்பத்தைஞ்சு பிள்ளையள், முக்கால்வாசி ஒரே சீரீசைத்தான் தூக்கிக்கொண்டு வரும், எல்லாரும் வந்து "கள்ளரைப் பிடிச்சினம், பொலிஸ் வந்துது, சந்தோசமா வீட்ட போச்சினம்" எண்டு கதைச் சுருக்கம் ஒப்புவிச்சிட்டுப் போகும். அதில பிள்ளைக்கு என்ன வந்தது? மொழி வரேல்ல. ஒரு நல்ல வசனம் வாயில ஒட்டேல்ல. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் 1953ல காலமானவர், அவரின்ட ஆடிப்பிறப்புப் பாட்டும் கத்தரி வெருளியும் இண்டைக்கும் யாழ்ப்பாணத்துப் பிள்ளையின்ட வாயில இருக்கு, பாட்டன் பாட்டியின்ட வாயிலயும் இருக்கு. அதுவும் சிறுவருக்கு எழுதினதுதான், அதுவும் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். நான் சொல்லுற வித்தியாசம் அதில இருக்கு, ஒருக்காக் கேட்டாச் சொல்லாகவே நிக்கும். நீங்கள் சொல்லுற சீரீஸ் புத்தகத்தில ஒரு வசனத்தையாவது பாடமாச் சொல்லச் சொல்லுங்கோ பாப்பம்.

ஹட்டன் டூ கொழும்பு

டீச்சர் சொல்றது புரியுது, ஆனா ஒண்ணு. நாங்க எஸ்டேட்ல படிச்சப்ப ஸ்கூல் அலுமாரில இருந்த புத்தகம் எல்லாம் நல்ல இலக்கியம்தான், பூட்டு போட்டே இருக்கும். எங்க கைக்கு வந்தது லயத்துல யாரோ பொட்டலம் கட்டின பழைய அம்புலிமாமா, மேலட்ட இல்லாத முத்து காமிக்ஸ். மாயாவி கரண்ட்ல கைய வச்சு மறையறத படிச்சுதான் எழுத்துக் கூட்டுறத விட்டுட்டு வேகமா வாசிக்கப் பழகினேன். அது இலக்கியமான்னு கேட்டா இல்லைன்னுதான் சொல்லுவேன், யாரும் அடிக்க வந்தாலும் சரி. ஆனா அது இல்லாட்டி பின்னாடி நான் நம்ம மலையக எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப்ப வாசிச்சிருக்க மாட்டேன். ரெண்டையும் ஏன் ஒரே கேள்வியா கேக்குறீங்க? பிள்ளைக்கு நல்லதா, அது ஒரு கேள்வி. நல்ல எழுத்தா, அது வேற கேள்வி.

வெள்ளவத்தை அம்மா

@மருதானை அண்ணா, முதல் புத்தகத்தை மட்டும் திரும்பத் திரும்ப வாசிக்கிறாள், மற்றதெல்லாம் ஒருக்காத்தான். கதை கேட்டா ஜோர்ஜைப் பற்றித்தான் சொல்லுவாள், அந்தப் பெட்டை தன்ர பேரை ஜோர்ஜினா எண்டு கூப்பிட்டாத் திரும்பியும் பாக்க மாட்டாவாம், தலைமயிரைக் கட்டையா வெட்டிக்கொண்டு படகு வலிக்குமாம், தீவு தன்ரயாம். கள்ளரைப் பற்றி ஒண்டும் ஞாபகமில்லை.

மருதானை பழைய புத்தகம்

அப்ப விசயம் இருக்கு. அந்த முதல் புத்தகம் 1942ல வந்தது, பிறகு இருபது வந்தது, மொத்தம் இருபத்தொண்டு. பின்னால வந்ததுகளில கனக்க அச்சில வார்த்த மாதிரி, ஆனா முதலாவதில ஜோர்ஜ் எண்ட பிள்ளை உண்மையிலயே கோபப்படுது, பகிர்ந்துகொள்ளத் தெரியாமல் கஷ்டப்படுது, நாயை வீட்டில வைச்சிருக்க விடாததால ஒளிச்சு வளர்க்குது. உங்கட மகள் அதைத் தானாப் பிடிச்சிருக்கிறா. சீரீஸ் நல்லதா கூடாதா எண்டு யாரும் கேட்டா, எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் எண்டு திருப்பிக் கேளுங்கோ.

பெரிய ஆக்களும் இதில தடுமாறினவைதான். ஹரல்ட் புளூம் எண்ட அமெரிக்க விமர்சகர் 2000ல வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல்ல ஹரி பொட்டரைக் கிழி கிழி எண்டு கிழிச்சவர், தேய்ஞ்ச சொற்றொடர் மலிஞ்சு கிடக்கு எண்டு. இங்கிலாந்தில 1999க்கான விட்பிரெட் இலக்கியப் பரிசில பொட்டரின்ட மூண்டாம் புத்தகம் சிறுவர் பிரிவை வெண்டிட்டு, ஆண்டின் சிறந்த நூல் எண்டு வரேக்க ஷேமஸ் ஹீனி மொழிபெயர்த்த பெயோவுல்ஃப் எண்ட பழைய ஆங்கிலக் காவியத்திட்டத் தோத்தது. 2001க்கான அதே பெரிய பரிசை பிலிப் புல்மனின்ட ஒரு புத்தகம் எடுத்தது, சிறுவர் நூல் ஒண்டு அதை எடுத்தது அதுதான் முதல் தரம். ஆக, சிறுவர் நூல் எண்டதுக்காகக் கதவு பூட்டியிருக்கேல்ல, ஆனா எல்லாத்துக்கும் திறந்தும் விடேல்ல.

தெமட்டகொட உம்மா

எல்லாரும் வசனம் வசனம்னு பேசுறீங்க, உள்ளுக்கு என்ன இருக்குன்னும் பாருங்க. நானும் சின்னதுல இந்தப் புத்தகம் எல்லாம் விழுந்து விழுந்து படிச்சவ, இப்ப மகனோட சேர்ந்து படிக்கிறப்பதான் கண்ல குத்துது. கள்ளன்னா வெளியாள், கூடாரம் போட்டுத் திரியிற நாடோடி, இல்லாட்டி படிக்காத வேலைக்காரன். பாத்திரம் கழுவுறது எப்பவும் அந்தக் கூட்டத்துல இருக்கிற மற்றப் பொம்பளப் பிள்ள ஆன்தான். இதெல்லாம் படிச்ச உடனே பிள்ளை கெட்டுப்போகும்னு சொல்லல்ல, பக்கத்துல இருந்து ஏன் இப்படி எழுதியிருக்காங்கன்னு கேட்டா பிள்ளைகளே நல்லா பதில் சொல்லுவாங்க. 2010ல பதிப்பகம் பழைய சொல்லுகள மாத்தி இந்தக் காலத்துக்கு ஏத்த மாதிரி விட்டாங்க, அது எடுபடல்ல, 2016ல பழையபடிக்கே போயிட்டாங்க. பிள்ளைகளுக்குப் பழைய பாஷை பிரச்சினையே இல்ல, பெரியவங்களுக்குத்தான்.

பி.கு: ஃபேமஸ் ஃபைவ்ல வருதுன்னு எல்லாரும் சொல்ற அந்த "லாஷிங்ஸ் ஒஃப் ஜிஞ்சர் பியர்" வசனம் புத்தகத்துலயே இல்ல, 1982ல டிவில வந்த ஒரு நக்கல் படத்துல வந்தது. எங்க வீட்ல அதுக்காக யானை மார்க் ஜிஞ்சர் பியர் வாங்கிக் குடுத்தே ஓய்ஞ்சிட்டேன்.

தமிழ்ப் பாடம்

உம்மா சொன்னது முக்கியமான விசயம். அப்பிடி விவாதிக்கிற பிள்ளை வந்து வகுப்பில கதைச்சா நான் எந்தப் புத்தகம் எண்டு கேக்கவே மாட்டன்.

மருதானை பழைய புத்தகம்

அப்ப அதையே செய்யச் சொல்லுங்கோ தங்கச்சி. புத்தகத்தை மாத்த வேண்டாம், இன்னொண்டைப் பக்கத்தில வைக்கட்டும். என்ர தெரிவு மார்ட்டின் விக்கிரமசிங்கவின்ட மடோல் தூவ. 1947ல சிங்களத்தில வந்தது, இங்கிலிசில ஆஷ்லி ஹல்பே செய்த மொழிபெயர்ப்பு இருக்கு, உங்கட பிள்ளைக்கு அது விளங்கும். சிங்களப் பிள்ளையளிட்டக் கேட்டுப் பாருங்கோ, அதில வாற உபாலி, ஜின்னா எண்ட ரெண்டு பொடியளையும் தெரியாதது குறைவு, 1976ல லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் படமாவும் எடுத்தவர். அதுவும் தீவுதான், அதுவும் குழப்படிப் பொடியள்தான், அதுவும் சனம் விரும்பி வாசிக்கிறதுதான். ஆனா அங்க போனவுடன புதையல் வராது. காடு வெட்டோணும், பயிர் செய்யோணும், ராத்திரியில பேய் எண்டு பயப்படோணும். காட்டின்ட இருட்டு, தண்ணியின்ட சத்தம் எல்லாம் எழுத்தில வரும், ஏனெண்டா எழுதின ஆள் கொக்கலையில அந்த வாவிக்கரையில பிறந்து வளர்ந்தவர். காலியைத் தாண்டிக் கொஞ்சத் தூரம்தான், லீவுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாம்.

ரெண்டிலயும் தீவில கால் வைக்கிற பக்கத்தை எடுத்துச் சத்தமா வாசிக்கச் சொல்லுங்கோ. கதையை விட்டிட்டு, கண்ணுக்கு என்ன தெரியுது, காதுக்கு என்ன கேக்குது, ஆக்கள் அந்தப் பக்கத்துக்குப் பிறகு மாறீனமா எண்டு பாக்கட்டும். எதில எது கூட எண்டு பிள்ளையே சொல்லும். பிளைட்டன் தோக்கும் எண்டு முதலே முடிவு கட்டிக்கொண்டு போக வேண்டாம், அடுத்த பக்கத்தைத் திருப்ப வைக்கிற கெட்டித்தனம் அவவிட்ட இருக்கு, அது லேசில எல்லாருக்கும் வராது.

புத்தகம் பொது நூலகத்துச் சிறுவர் பகுதியில கேளுங்கோ, இல்லாட்டி டி. ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடையளில தேடலாம், விலை பேசாமல் வாங்காதேங்கோ. தமிழில ஏதும் சேர்க்கிறதெண்டா 57ஆம் ஒழுங்கைத் தமிழ்ச் சங்க நூலகம் உங்களுக்குக் கிட்டத்தான், சோமசுந்தரப் புலவர் பாட்டுகள் "நூலகம்" எண்ட இணையத்தளத்திலயும் தேடிப் பாருங்கோ.

கடைசி பஸ்

நான் திருக்குறள் கதைகள் எண்டு சொன்னதை வாபஸ் வாங்கேல்ல, ஆனா இது நல்லா இருக்கு.

வெள்ளவத்தை அம்மா

கேட்ட எல்லாருக்கும் அப்டேட். ரீச்சருக்குக் கொப்பியில ஒரு சின்னக் குறிப்பு எழுதி அனுப்பினன், ரெண்டு புத்தகத்தையும் ஒப்பிட்டுக் கதைக்கலாமா எண்டு, ஓம் எண்டிட்டா. மடோல் தூவ முதல் கொஞ்சப் பக்கம் இவளுக்கு இழுபட்டுது, "இதில ஒண்டும் நடக்கேல்ல" எண்டு மூண்டு தரம் மூடி வைச்சாள், பொடியள் வீட்டை விட்டு ஓடின பிறகு கீழ வைக்கேல்ல. கதைக்கிற அண்டைக்கு இவள் சொன்னது, ஜோர்ஜின்ட தீவில ஒளிச்சு வைச்ச தங்கம் கிடைக்குது, உபாலியின்ட தீவில தான் நட்டதுதான் கிடைக்குது, எனக்கு வாசிக்கப் பிடிச்சது முதலாவது, இருந்து பாக்கப் பிடிச்சது ரெண்டாவது எண்டு. பின் வாங்கில இருந்த பொடியன் அப்ப எது நல்ல இலக்கியம் எண்டு கேக்க, ஜோர்ஜ் நல்ல ஆள், ஆனா அந்தத் தீவு நல்லா எழுதேல்ல எண்டிட்டாளாம்.

ரீச்சர் புள்ளி குடுத்தா, ஃபேமஸ் ஃபைவை மட்டும் வகுப்பு நூலகப் பட்டியலில சேர்க்க மாட்டன் எண்டும் சொல்லிப்போட்டா. மச்சாள் தன்ர கட்சியிலதான் இன்னும் நிக்கிறா.

தமிழ்ப் பாடம்

பட்டியலில சேர்க்காதது சரிதான் எண்டு நானும் சொல்லுவன், அதுக்கு ஆள் சேர்க்கத் தேவையில்லை, பிள்ளையள் தாங்களே தேடி எடுக்குங்கள். அலுமாரிக் காசு குறைவு, அதில தேடி எடுக்காத புத்தகம் இருக்கட்டும். ஆனா உங்கட மகள் சொன்ன அந்த வசனத்தை நான் என்ர வகுப்பில சொல்லப் போறன், பேர் போட மாட்டன்.

தெமட்டகொட உம்மா

அக்கா அந்த மடோல் தூவ புத்தகம் உங்களுக்கு முடிஞ்சா எனக்கு இரவலுக்குத் தருவீங்களா? மகன் இப்ப விம்பி கிட் தவிர ஒண்டும் தொடமாட்டான், பக்கத்துக்குப் பாதி படம். பக்கத்துல வைக்க ஒண்டு தேடுறேன்.

வெள்ளவத்தை அம்மா

தரலாம், ஆனா இவள் ரெண்டாம் தரம் வாசிச்சு முடிக்கோணும். இன்பொக்சில வாங்கோ.