டொங்கிள் டாக் வாங்கியும் மத்தளம் இடிக்கவில்லை, என்ன பிழை?

கல்லடி_வாவி:
என் போனில் ஹெட்போன் ஓட்டை இல்லை. அதனால் போன மாதம் ஒரு டொங்கிள் டாக் (DAC, போனின் டிஜிட்டல் ஒலியை இயர்போனுக்கான மின்னலையாக மாற்றும் சின்னக் கருவி) வாங்கினேன். பெருவிரல் அளவுதான், ஒரு முனை டைப்-சி, மறுமுனை 3.5 மி.மீ. எங்கள் ஊர் வடமோடிக் கூத்து ஒன்றை 24 பிட், 96 கிலோஹேர்ட்சில் (செக்கனுக்கு 96,000 மாதிரி, ஒவ்வொன்றும் 24 பிட்) நானே பதிந்து வைத்திருக்கிறேன். அதைக் கேட்டால் கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் மத்தளம் தகரம் தட்டுகிற மாதிரி இருக்கிறது. சத்தமும் காணாது. இயர்போன் 16 ஓம், காதுக்குள் செருகுகிற வகை. காசு வீணா?

கல்முனை_நானா:
வீணில்லை தம்பி, பாவிக்கிற விதம்தான் பிழை. சாதாரண பிளேயரில் போட்டால் ஆன்ட்ரொய்ட் அதைப் பெரும்பாலும் 48 கிலோஹேர்ட்சுக்கு மாற்றித்தான் வெளியே விடும். 96இல் பதிந்து என்ன பிரயோசனம்? யூஎஸ்பி ஓடியோ பிளேயர் ப்ரோ என்ற செயலியைப் போடுங்கள். அது சொந்த டிரைவரால் டொங்கிளோடு நேரே பேசும், ஒரு பிட்டும் மாறாது. ஆன்ட்ரொய்ட் 14இலிருந்து மற்றச் செயலிகளுக்கும் இதற்கு வழி விட்டிருக்கிறார்கள், ஆனால் எல்லாப் போனிலும் சரிவராது. அடுத்த முறை 4.4 மி.மீ. பலன்ஸ்ட் ஓட்டை (இடது, வலது காதுக்குத் தனித்தனி வயர்ச் சோடி, வலுவும் கூட) உள்ளதாக வாங்குங்கள்.

புளியந்தீவு_ரேடியோ:
நானா கோபிக்கக் கூடாது. 48க்கு மாற்றினாலும் அதில் பாதியான 24 கிலோஹேர்ட்ஸ் வரை ஒலி அப்படியே இருக்கும். மனிதக் காதுக்கு 20தான் எல்லை, என் வயதில் 14 கேட்டாலே பெரிய காரியம். மத்தளத்தின் இடி இருப்பதோ அடியில், சில நூறு ஹேர்ட்சுக்குக் கீழே. அதை இந்த மாற்றம் தொடவே தொடாது.

தம்பி, இரண்டு இயர்போனையும் விரலால் மெல்ல உள்ளே அழுத்திப் பாருங்கள். இடி சட்டென்று ஏறினால் பிழை டாக்கில் இல்லை, ரப்பரில். காதை அடைக்காத ரப்பர் என்றால் பேஸ் முழுக்க வெளியே போய்விடும்.

சத்தம் காணாதது வேறு கதை. சில டொங்கிளுக்குள் தனியாக ஒரு வொலியூம் உண்டு. போனில் 100 காட்டினாலும் அது கீழேயே நிற்கும். அப்பிளின் சின்ன டொங்கிளை ஆன்ட்ரொய்டில் செருகுகிறவர்களுக்கு இந்த வியாதி நன்றாகத் தெரியும். நானா சொன்ன செயலியால் அந்த உள் வொலியூமைக் கூட்டலாம். ஆக மருந்து சரி, அவர் சொன்ன நோய்தான் வேறு.

கல்முனை_நானா:
என் காது பொய் சொல்லாது. டொங்கிளை மாற்றியதும் பாடகரின் மூச்சுக்கூடக் கேட்டது.

புளியந்தீவு_ரேடியோ:
சத்தத்தைச் சமப்படுத்தினீர்களா? ஒரு டெசிபல் கூடினாலே நமக்கு அது ‘தெளிவு’ என்று படும். நான் 60 ஹேர்ட்ஸ் ஒலி ஒன்றைப் போட்டு, மல்டிமீற்றரை ஏசி வோல்ட் அளவில் வைத்து, இரண்டு டொங்கிளிலும் ஒரே வோல்ட் வரும்வரை சரிசெய்தேன். மலிவு மீற்றர் வீட்டுக் கறண்டின் அதிர்வெண்ணுக்குப் பக்கத்தில்தான் ஒழுங்காகக் காட்டும், அதனால்தான் 60. பிறகு மகன் துவாய்க்குப் பின்னால் இருந்து மாற்றி மாற்றிச் செருகினான். 16 தடவையில் 9 சரி. காசு சுண்டியிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும்.

கல்முனை_நானா:
உங்கள் இயர்போனுக்கு அது சரி. என்னுடையது 300 ஓம் ஹெட்போன், ஓம் கூடினால் வோல்ட்டும் கூட வேண்டும். பழைய டொங்கிளில் மூச்சுத் திணறியது.

புளியந்தீவு_ரேடியோ:
அதை மறுக்கவே மாட்டேன். ஒரு வோல்ட் கொடுத்தால் 300 ஓமில் 3 மில்லிவாட் சொச்சம், இரண்டு வோல்ட் என்றால் 13. உங்கள் பலன்ஸ்ட் ஓட்டை அங்கே உதவும். தம்பியின் 16 ஓமுக்கு அவ்வளவு வலு போனால் பாட்டுக்குப் பின்னால் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல்தான் மிச்சம். கெயின் சுவிட்ச் (வலுவைக் கூட்டிக் குறைப்பது) இருந்தால் லோவில் விடுங்கள்.

அக்கரைப்பற்று_பஸ்:
இருவரும் வீட்டுக்குள் இருந்து கதைக்கிறீர்கள். நான் கேட்பது கொழும்பு பஸ்ஸில், எஞ்சினுக்குப் பக்கத்து சீட்டில். அங்கே சாதாரண 16 பிட் பாட்டில் மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் இடையே உள்ள 96 டெசிபலில் பாதிகூட மிஞ்சாது. பஞ்சு டிப் மாற்றியதுதான் நான் செய்த ஒரே முன்னேற்றம். இன்னொன்று, லப்டொப்பை சார்ஜில் போட்டபடி கேட்டால் ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல் வரும். சார்ஜரைக் கழற்றினால் நின்றுவிடும். அதற்காக டாக்கைத் திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். நான் ஓடியிருக்கிறேன்.

கல்லடி_வாவி:
நேற்றிரவு ஃபேனை நிறுத்திவிட்டுச் சோதித்தேன். விரலால் அழுத்தியதும் மத்தளம் நெஞ்சுக்கு வந்தது! இடது காதுக்குப் பெரிய ரப்பர், வலதுக்கு நடுத்தரம். என் இரண்டு காதும் ஒரே அளவில்லை என்பது இருபத்தாறு வயதில்தான் தெரிகிறது. நானாவின் செயலியில் உள் வொலியூம் பாதிக்குக் கீழே கிடந்தது, ஏற்றிவிட்டேன். இப்போது அண்ணாவியார் தாளத்தை மாற்றுவதற்கு முன் ஒரு விரலால் தோலைத் தடவுவதுகூடக் கேட்கிறது.

கல்முனை_நானா:
பார்த்தீர்களா, செயலி வேலை செய்துவிட்டது.

புளியந்தீவு_ரேடியோ:
வேலை செய்தது வொலியூமும் ரப்பரும்.

கல்முனை_நானா:
சரி தம்பி, அந்தக் கூத்தில் ஒரு நிமிடத்தை அசலாகவும் எம்பி3 ஆகவும் பெயர் மாற்றி அனுப்புங்கள். எது எது என்று சொல்கிறேன்.

புளியந்தீவு_ரேடியோ:
எம்பி3ஐத் திரும்ப அசலைப் போலவே 96 கிலோஹேர்ட்ஸ் வேவ் கோப்பாக ஆக்கி அனுப்புங்கள் தம்பி. இல்லாவிட்டால் நானா கோப்பின் அளவைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். ஒன்றல்ல, பத்துச் சோடி அனுப்புங்கள்.