மொட்டைமாடி சோலாரையும் குரூப் கேப்டிவ் காற்றாலையையும் சேர்த்து லீட் மதிப்பெண் கேட்கலாமா?

வரைபலகை:
கோவையில் ஆறு மாடி அலுவலகக் கட்டடம். லீட் என்ற பசுமைக் கட்டடச் சான்றின் நான்காம் பதிப்பில் பதிவு. சில்லர் (ஏ.சி.க்கான குளிர்விப்பு இயந்திரம்), லிஃப்ட் அறை, தண்ணீர்த் தொட்டி போக மாடியில் 40 கிலோவாட் சோலார்தான் ஏறுகிறது. ஆண்டுக்குச் சுமார் 60,000 யூனிட் வரும்; தேவையோ 10 லட்சம். 5 சதவீதத்தைத் தாண்டியதால் இரண்டு மதிப்பெண் உறுதி. 10 சதவீதம் தொட்டால் மூன்றாவதும் கிடைத்து, மொத்தம் 80 ஆகி, லீட்டின் உச்சத் தரமான பிளாட்டினம். உரிமையாளரின் நூற்பாலைக்கு உடுமலைப் பக்கம் குரூப் கேப்டிவ் காற்றாலையில் (பலர் பங்கு போட்டுத் தங்கள் தேவைக்கு மின்சாரம் எடுப்பது) பங்கு உண்டு. மீதி 4 சதவீதத்தை அங்கிருந்து காட்டலாமா?

காற்றுக்கணக்கு:
காட்டலாம். பொதுவில் அமைத்துப் பகிரும் நிலையத்தையும் லீட்டின் புதுப்பிக்கத்தக்க மின்சாரப் பிரிவு ஏற்கிறது. நிலையம் உங்களுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், அல்லது குறைந்தது 10 ஆண்டு குத்தகை ஒப்பந்தம் வேண்டும். கட்டடத்துக்கு மின்சாரம் தரும் அதே விநியோக நிறுவனத்தின் எல்லைக்குள்ளும் இருக்க வேண்டும். எல்லையைப் பற்றிக் கவலை வேண்டாம், தமிழ்நாடு முழுவதற்கும் விநியோகம் ஒரே நிறுவனம்தான்.

சிக்கல் பெயரில் இருக்கிறது. பங்கு நூற்பாலையின் பெயரில், கட்டடத்தின் எச்.டி. (உயர் அழுத்த மின்) இணைப்பு யார் பெயரில்? குடும்பம் ஒன்றுதானே என்பார் உரிமையாளர். மின்வாரியம் குடும்பத்தைப் பார்ப்பதில்லை, பங்குப் பத்திரத்தைப் பார்க்கும். 2005 மின்சார விதிகளின்படி, பயன்படுத்துவோர் கையில் 26 சதவீதப் பங்காவது இருந்து, உற்பத்தியில் 51 சதவீதத்தையாவது அவர்களே பயன்படுத்தினால்தான் அது கேப்டிவ். இணைப்பு வேறு நிறுவனத்தின் பெயரில் இருந்தால் அந்த நிறுவனமும் பங்கு வாங்க வேண்டும். பங்கு ஒப்பந்தத்தில் வெளியேறும் விதியையும் படியுங்கள். ஐந்தாம் ஆண்டில் பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று எழுதியிருந்தால், லீட் பரிசீலிப்பவர் கண்ணில் முதலில் படுவது அந்த வரிதான்.

யூனிட்டைக் காற்றாலை மீட்டரில் எண்ணாதீர்கள். கம்பி இழப்பைக் கழித்து, மாத பில்லில் சரிக்கட்டப்பட்டதை மட்டும் எடுங்கள். நான்காம் பதிப்பின் சதவீதம் யூனிட்டில் அல்ல, செலவில் போடப்படுவது. உங்கள் 6 சதவீதத்தையும் ரூபாயில் போட்டுப் பாருங்கள். ஆடி மாதப் பில்லை மட்டும் பார்த்து மகிழவும் வேண்டாம். சீசன் மே முதல் செப்டம்பர் வரைதான். தையில் அதே பில் வெறிச்சோடிக் கிடக்கும். பன்னிரண்டு மாதப் பில்லையும் வாங்குங்கள்.

மினியாபொலிஸ்வாசி:
அமெரிக்காவின் மினசோட்டாவில் 2013 சட்டத்துக்குப் பின், பலர் பகிரும் சமூக சோலார் தோட்டங்கள் ஏராளம். சந்தா கட்டினால் பில்லில் தொகை குறையும். ஆனால் பல தோட்டங்களில் பசுமைச் சான்றிதழ் மின் நிறுவனத்துக்கே போய்விடும். அப்படியானால் மலிவு மின்சாரம் நமக்கு, பசுமை என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு. உங்கள் காற்றாலையின் சான்றிதழ் யாரிடம்?

வரைபலகை:
நிலையம் ஆர்.இ.சி. (பசுமைச் சான்றிதழ் விற்பனை) திட்டத்தில் பதிவானது என்று ஆலைக் கணக்காளர் சொல்கிறார். சான்றிதழை விற்றுத்தான் வந்திருக்கிறார்கள்.

காற்றுக்கணக்கு:
சான்றிதழ் விற்ற யூனிட்டைத் தொடாதீர்கள். இனி வருவதில் உங்களுக்குத் தேவையான அளவுக்குச் சான்றிதழை விற்காமல் ஒதுக்க நிலையத்தாரிடம் எழுத்தில் வாங்குங்கள். மறுத்தால், இந்த ஒரு பிரிவை மட்டும் 4.1 பதிப்புக்கு மாற்றிக்கொள்ள வழியுண்டு; அங்கே மாடி சோலாரும் வெளியிலிருந்து வாங்குவதும் ஒரே பிரிவில் வரும், ஆனால் கணக்கு முழுவதையும் புதிதாகப் போட வேண்டும். என்னைக் கேட்டால், முதலில் அந்த 4 சதவீதத்தைச் சில்லரில் தேடுவேன். தேவை குறைந்தால் அதே 40 கிலோவாட்டின் சதவீதம் தானாக ஏறும். சில்லர் எந்த வகை, எத்தனை டன் என்று எழுதுங்கள்.