வங்கி கைவிரித்த பிறகு: ஒன்ராறியோவில் வாடகை வீட்டுக்குக் கடன் தேடுபவர்களுக்கு

கேள்வி: அண்ணா, ரொறன்ரோ வந்து 14 மாதம் ஆகிறது. நிரந்தர வதிவிட உரிமையும் நிலையான வேலையும் இருக்கின்றன. ஸ்காபரோவில் ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட நினைக்கிறேன். இரண்டு வங்கிகள் முடியாது என்றுவிட்டன. ஒரு கடன் முகவர், தனியாரிடம் ஒரே வாரத்தில் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். எடுக்கலாமா?

பதில்: தம்பி, ஒரு வாரத்தில் எடுத்துத் தந்துவிடுவார், அதில் சந்தேகமில்லை. அதிலிருந்து எப்போது, எந்த வழியாக வெளியே வருவது என்று அவரிடம் கேட்டீர்களா? நான் கேட்கவில்லை. அதனால் என் கதையையே முதலில் சொல்கிறேன்.

2022 ஏப்ரலில் பேஸ்மென்டைத் தனி வீடாக்கி வாடகைக்கு விட, தனியாரிடம் 120,000 டொலர் இரண்டாம் மோட்கேஜ் (ஏற்கெனவே அடமானத்தில் இருக்கும் வீட்டின் மேல் இன்னொரு அடமானக் கடன்) எடுத்தேன். ஒரு வருடம், 11 சதவீதம், வட்டி மட்டும். மாதம் 1,100 டொலர். சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். சட்டத்தரணியின் மேசையில் கணக்குத் தாளைப் பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது. கடன் கொடுப்பவருக்குக் கட்டணம் 2,400, முகவருக்கு 2,400, என் சட்டத்தரணிக்கும் அவர்களுடைய சட்டத்தரணிக்கும் சேர்த்து 3,000, மதிப்பீட்டுக்கு 500. கைக்கு வந்தது 111,700. வட்டியையும் இந்தக் கழிவுகளையும் கூட்டி, கைக்கு வந்த தொகையால் வகுத்துப் பாருங்கள்: 11 என்று சொன்ன கடன் 19 சதவீதத்தைத் தாண்டி நிற்கும்.

அதைக்கூடத் தாங்கியிருப்பேன். ஒரு வருடத்தில் வேலையை முடித்து, வீட்டின் மதிப்பை உயர்த்தி, வங்கிக்கு மாறுவதுதான் திட்டம். நான் கையெழுத்திட்ட மாதம் கனடா மத்திய வங்கியின் வட்டி வீதம் 1 சதவீதம். அடுத்த ஏப்ரலில் 4.5. வீட்டு விலையும் இறங்கியிருந்தது. வங்கி மறுத்தது. தனியார் புதுப்பித்தார், 1,800 டொலர் கட்டணமும் 13 சதவீத வட்டியுமாக. கடைசியில் ஒரு கிரெடிட் யூனியன்தான், அதாவது உறுப்பினர்களுக்கே சொந்தமான கூட்டுறவு நிதி நிறுவனம்தான், என்னை மீட்டது. அங்கே முதலிலேயே போயிருக்க வேண்டும்.

உங்கள் முதல் கதவும் அதுதான். வங்கிகள் மத்திய அரசின் மேற்பார்வையில் இருப்பதால், நீங்கள் கட்டப்போகும் வட்டியோடு 2 சதவீதம் கூட்டியோ அல்லது 5.25 சதவீதத்திலோ, எது கூடவோ அதில் உங்களால் கட்ட முடியுமா என்று சோதிக்க வேண்டும். கிரெடிட் யூனியன்கள் மாகாணத்தின் கீழ் வருகின்றன. அந்த விதி அவற்றைக் கட்டுப்படுத்தாது. தங்களுக்கென்று ஒரு சோதனை வைத்திருப்பார்கள், ஆனால் வரப்போகும் வாடகையைக் கணக்கில் எடுப்பதில் ஒன்றுக்கொன்று வித்தியாசம் உண்டு. இரண்டு மூன்றிடம் நேரில் போய்க் கேளுங்கள்.

அடுத்தது, முகவர்கள் 'பி லெண்டர்' என்று சொல்லும் நிறுவனங்கள். கிரெடிட் வரலாறு (முன்பு கடன் வாங்கிக் கட்டிய பதிவு) குறைந்தவர்களையும் சொந்தத் தொழில் செய்பவர்களையும் ஏற்றுக்கொள்வார்கள். வட்டி அதிகம், பெரும்பாலும் 1 சதவீதக் கட்டணமும் உண்டு. இருந்தாலும் தனியாரைவிட எவ்வளவோ மேல்.

பலர் கேள்விப்படாத வழி ஒன்று உண்டு: வீட்டை விற்பவரே கடன் தருவது. விலையில் ஒரு பகுதியை உடனே வாங்காமல், உங்கள் மேல் மோட்கேஜாக எழுதிவைப்பார். அவருக்கு என்ன லாபம்? பல வருடம் வாடகைக்கு விட்ட வீட்டை விற்றால் மூலதன ஆதாய வரி வரும். பணம் பிந்தி வருவதால், அந்த ஆதாயத்தை அதிகபட்சம் ஐந்து வருடங்களுக்குப் பிரித்துக் கணக்குக் காட்ட வரிச் சட்டம் இடம் தருகிறது. வயதான, கடன் தீர்ந்த வாடகை வீட்டுக்காரரிடம் கேட்டுப் பார்ப்பதில் வெட்கமில்லை. ஆனால் முதல் மோட்கேஜ் கொடுப்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும், மறைத்துச் செய்யாதீர்கள்.

சீட்டு பற்றியும் கேட்பீர்கள் என்று தெரியும். நம்மவர்களில் எத்தனையோ பேரின் முற்பணம் சீட்டுக் காசுதான். ஆனால் முற்பணத்துக்கு 90 நாள் வங்கிக் கணக்கு விவரம் கேட்பார்கள். நேற்று வந்து விழுந்த 40,000 டொலரைக் காட்டி, "மாமி பிடிக்கும் சீட்டில் கழிவு கேட்டு எடுத்தேன்" என்றால் அந்த அதிகாரிக்கு எப்படி விளங்கும்? எடுக்கிறதாக இருந்தால் மூன்று மாதம் முன்பே எடுத்துக் கணக்கில் போட்டுவையுங்கள். மிச்சச் சீட்டை மாதாமாதம் கட்டுவதும் கடன்தான். கேட்டால் மறைக்காதீர்கள், உங்கள் செலவுக் கணக்கிலும் சேருங்கள்.

கேள்வி: நன்றி அண்ணா. முற்பணம் 10 சதவீதம்தான் கையில் இருக்கிறது. மீதியைத் தனியாரிடம் இரண்டாம் மோட்கேஜாக எடுக்கலாம் என்கிறார் முகவர். வருமானம் போதாவிட்டால் வேலைக் கடிதமும் 'ஒழுங்கு செய்யலாமாம்'.

பதில்: அந்த முகவரின் எண்ணை இன்றே அழித்துவிடுங்கள். போலி வேலைக் கடிதம் மோசடிக் குற்றம். கையெழுத்து உங்களுடையது, அவருடையது அல்ல. இனி யாரிடம் போனாலும், ஒன்ராறியோ நிதிச் சேவைகள் ஒழுங்குமுறை ஆணையத்தின் பொதுப் பதிவேட்டில் அவருக்கு உரிமம் இருக்கிறதா என்று பெயரைப் போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

நீங்கள் குடியிருக்காத வாடகை வீட்டுக்கு வங்கி குறைந்தது 20 சதவீத முற்பணம் கேட்கும். அதில் பாதியைக் கடனாக எடுத்தால் வீட்டில் உங்கள் காசு 10 சதவீதம்தான். வாடகைக்காரர் இரண்டு மாதம் கட்டாவிட்டால் தாங்க மாட்டீர்கள். தவணை 15 நாள் தவறினாலே கடன் கொடுத்தவர் வீட்டை விற்கப்போவதாக அறிவித்தல் அனுப்பலாம். அதற்குப் பிறகு மீட்க உங்களுக்கு இருப்பது 35 நாள்.

கையில் 10 சதவீதம் இருப்பவருக்கு வேறு வழி இருக்கிறது. இரண்டு குடியிருப்பு உள்ள வீடாகப் பார்த்து, ஒன்றில் நீங்களே இருங்கள். அப்போது காப்புறுதி மோட்கேஜில் (நீங்கள் கட்டாவிட்டால் கடன் கொடுத்தவருக்கு ஈடு தரும் காப்புறுதியோடு எடுக்கும் கடன்) வீட்டு விலையின் முதல் 500,000 டொலருக்கு 5 சதவீதமும், அதற்கு மேல் 1.5 மில்லியனுக்குள் இருக்கும் பகுதிக்கு 10 சதவீதமும் போதும். மேலே நீங்கள், கீழே வாடகை. சமையல் மணமும் சத்தமும் பகிர்ந்துதான் ஆக வேண்டும். நாங்கள் ஆறு வருடம் அப்படித்தான் இருந்தோம்.